ஓட்டிஸ் ரெடிங்கைக் கேட்கத் தொடங்குவது எப்படி: பன்னிரண்டு பாட்டு, பிறகு ஒன்று

அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கிடம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் 'டாக் ஆஃப் த பே' என்ற ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அது பிடித்துப்போய், அதே அமைதியில் இன்னொன்று கிடைக்குமா என்று தேடுகிறார்கள். அடுத்து ஒலிக்கும் பாட்டில் அவர் தொண்டை கிழியக் கத்துகிறார், பின்னால் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் அலறுகின்றன, இரண்டே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. 'பழைய சத்தம்' என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டவர்மேல் குறை இல்லை, ஆரம்பித்த இடம்தான் தவறு. அந்தப் புகழ்பெற்ற பாட்டு அவருடைய மற்ற எல்லாப் பாட்டிலிருந்தும் விலகி நிற்பது. அதைக் கடைசியில் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். சோல் இசையில் (தேவாலயப் பாட்டின் உணர்ச்சியும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசை) பாடகரை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஓட்டிஸ் விஷயத்தில் இது முழு உண்மை. பின்னால் வாசிக்கிற நாலைந்து பேர் என்ன செய்கிறார்கள் என்று காது பழகிய பிறகுதான் அந்தக் குரல் ஏன் அந்த இடத்தில் உடைகிறது, ஏன் அங்கே தயங்குகிறது என்பது பிடிபடும். கீழே சொல்லியிருக்கும் வரிசை அதற்காகவே.

ஆள் யார், இடம் எது

1941 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டாசன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் மேக்கன் நகரில். தேவாலயப் பாட்டு, அதே மேக்கனிலிருந்து வந்த லிட்டில் ரிச்சர்டின் ஆவேசம், சாம் குக்கின் வழவழப்பான குரல் என இந்த மூன்றும் அவருக்குள் இறங்கியிருந்தன. 1962இல் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவுக்கு அவர் வந்தது பாடுவதற்காக அல்ல. கிட்டார் கலைஞர் ஜானி ஜென்கின்ஸின் பதிவுக்காக, அவருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பாடினார். பாடகர் ஆனார். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் அருகே மொனோனா ஏரியில் விமானம் விழுந்து இறந்தபோது வயது 26. ஆக, முழு வாழ்க்கைப் பதிவும் ஐந்தே சொச்சம் ஆண்டுகளுக்குள் அடங்கியது. புதிதாகக் கேட்பவருக்கு இது ஒரு வசதி, ஏனென்றால் மலைத்துப்போகிற அளவு சரக்கு இல்லை.

ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ அன்று இயங்கியது ஒரு பழைய சினிமா தியேட்டரில். இருக்கைகளை எடுத்துவிட்டார்கள், சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். பெரிய கூடம். எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே நேரத்தில் வாசித்தார்கள். அந்தக் கூடத்தின் எதிரொலி எல்லாப் பாட்டிலும் கேட்கும். நோட்டில் எழுதிய இசைக்கோவை கிடையாது. பிராஸ் (ட்ரம்பெட், சாக்ஸபோன் என்ற ஊதுகருவிக் குழு) என்ன ஊத வேண்டும் என்பதை ஓட்டிஸ் வாயாலேயே பாடிக் காட்டுவார், அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

வாசித்தவர்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கிட்டார் ஸ்டீவ் க்ராப்பர், பேஸ் கிட்டார் டொனால்ட் 'டக்' டன், டிரம்ஸ் ஆல் ஜாக்சன் ஜூனியர், ஆர்கனும் பியானோவும் புக்கர் டி. ஜோன்ஸ், பல பாட்டுகளில் ஐசக் ஹேஸ். ட்ரம்பெட்டில் வேன் ஜாக்சன், டெனர் சாக்ஸபோனில் ஆண்ட்ரூ லவ்.

எந்தத் தொகுப்பு

'ஹிஸ்டரி ஆஃப் ஓட்டிஸ் ரெடிங்' என்ற தொகுப்பை எடுங்கள். 1967 நவம்பரில், அவர் உயிரோடு இருந்தபோதே வோல்ட் நிறுவனம் வெளியிட்டது. (வோல்ட் என்பது ஸ்டாக்ஸின் துணை நிறுவனம்.) மொத்தம் பன்னிரண்டு பாட்டு. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் மெதுவான பாட்டுகள், மறுபக்கத்தில் வேகமானவை. புதியவருக்கு இதைவிடச் சரியான பிரிவு இல்லை.

அந்தப் பெயரில் கிடைக்காவிட்டால் நீங்களே பட்டியல் போட்டுக்கொள்ளலாம். முதல் பக்கம்: 'ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்', 'ட்ரை அ லிட்டில் டெண்டர்னஸ்', 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்', 'பெய்ன் இன் மை ஹார்ட்', 'மை லவர்ஸ் ப்ரேயர்', 'ஃபா-ஃபா-ஃபா-ஃபா-ஃபா'. மறுபக்கம்: 'ரெஸ்பெக்ட்', 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்', 'மிஸ்டர் பிட்டிஃபுல்', 'செக்யூரிட்டி', 'ஐ கான்ட் டர்ன் யூ லூஸ்', 'ஷேக்'. இதே பாட்டுகளில் பலவற்றை ரைனோ நிறுவனத்தின் 'வெரி பெஸ்ட்' தொகுப்பிலிருந்தும் பொறுக்கி எடுக்கலாம்.

பட்டியல் போடும்போது வழக்கமாக நடக்கும் தவறு, ஸ்டூடியோ பதிவுக்குப் பதில் மேடைப் பதிவைச் சேர்த்துவிடுவது. மேடையில் அவர் எல்லாவற்றையும் வேகமாகப் பாடினார். பழகாத காதுக்கு அது ஒரே இரைச்சலாகப் போய்விடும். பெயருக்குப் பக்கத்தில் 'லைவ்' என்று இருக்கிறதா பாருங்கள், நேரத்தையும் பாருங்கள். 'ட்ரை அ லிட்டில் டெண்டர்னஸ்' ஸ்டூடியோவில் மூன்றே முக்கால் நிமிடம் வாக்கில் வரும். ஐந்து நிமிடம் காட்டினால் அது மேடை.

ஃபோனில் மாற்ற வேண்டியவை

ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டு தேய்ந்து அடுத்தது மேலே ஏறும் க்ராஸ்ஃபேடையும் அணையுங்கள். இந்தப் பாட்டுகள் பலவும் கடைசி அரை நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகின்றன. குரல் தேயத் தேய ஓட்டிஸ் புதிதாக ஏதோ ஆரம்பித்துக்கொண்டிருப்பார். க்ராஸ்ஃபேட் அதைத் தின்றுவிடும்.

பேஸ் பூஸ்ட், சரவுண்ட் போன்றவையும் வேண்டாம். டக் டன்னின் பேஸ் தெளிவாக, கொஞ்சம் உலர்ந்த ஒலியோடு பதிவானது. பூஸ்ட் போட்டால் குழம்பிப்போகும். அதற்காக ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸே இருக்காது. சாதாரண இயர்ஃபோன் போதும், சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் இன்னும் நல்லது.

இயர்ஃபோனில் ஒரு சிக்கல் வரலாம். குரல் ஒரு காதில், பிராஸ் மறு காதில் என்று பிரிந்து கேட்கும். இயர்ஃபோன் கெட்டுப்போகவில்லை. அந்தக் கால ஸ்டீரியோவே அப்படித்தான். மோனோவில் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) பதிவானதைச் செயற்கையாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்ற தட்டுகளும் அமெரிக்காவில் ஏராளம். அவற்றில் ஒலி மங்கலாக, குளியலறையில் பாடுவதுபோல் இருக்கும். மோனோ பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் ஃபோனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி என்று போய் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுவிடுங்கள். பிரிந்து கிடந்த குரலும் பிராஸும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். செயற்கை ஸ்டீரியோவின் மங்கல் மட்டும் இதனால் போகாது. பழைய தட்டு வாங்கப் போகிறவர்களுக்கும் இதே விதிதான், உறையில் மோனோ என்று இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

வால்யூமை வேகமான ஒரு பாட்டை வைத்து முடிவு செய்யுங்கள். 'ரெஸ்பெக்ட்' போட்டு, காதுக்கு வலிக்காத அளவில் நன்றாகச் சத்தமாக வைத்துவிட்டு, பிறகு கை வைக்காதீர்கள். மெதுவான பாட்டின் தொடக்கத்துக்கு ஏற்ப வால்யூமைக் கூட்டினால் முடிவில் குறைக்க வேண்டிவரும். பாட்டு மெல்ல மெல்லப் பெரிதாவதுதான் இங்கே விஷயமே. சத்தமான இடங்களில் குரல் லேசாகக் கரகரக்கும். அது மூலப் பதிவிலேயே இருப்பது.

முதல் வாரம்: மெதுவான ஆறு

ஆறு பாட்டும் சேர்ந்து 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேளுங்கள். பாடல் வரிகளைத் திறக்க வேண்டாம். சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் பல சொற்களை விழுங்குவார், பல இடத்தில் ஒரே அசையைப் பத்து முறை அடிப்பார், அதெல்லாம் எந்த வரிப் பக்கத்திலும் இருக்காது. வரிகளை மூன்றாம் முறை பார்த்துக்கொள்ளலாம்.

'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பாட்டில் தாளத்தைப் பிடியுங்கள். நான்கு அடி, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று. நமக்குத் தெரிந்த திஸ்ர நடைதான். பியானோ விடாமல் தகிட தகிட தகிட தகிட என்று தட்டிக்கொண்டே போகும். (அன்று அதை வாசித்தது கிட்டார்காரர் க்ராப்பர்!) கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், குரல் அடியின்மேல் நேராக விழாமல் சற்றுப் பின்தங்கி வருவது தெரியும். மெதுவான பாட்டுகளில் பலவற்றுக்கு இந்த நடைதான் அடித்தளம். 'பெய்ன் இன் மை ஹார்ட்' பாட்டில் அதையே மறுபடி பழகலாம். இர்மா தாமஸ் பாடிய 'ரூலர் ஆஃப் மை ஹார்ட்' பாட்டின் மெட்டைத் தழுவியது இது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், ஓட்டிஸ் ஒரு மெட்டை எப்படித் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறார் என்று புரியும்.

'ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்', அவரும் பாடகர் ஜெர்ரி பட்லரும் சேர்ந்து எழுதியது. இதற்கு இரண்டு ஸ்டூடியோ வடிவங்கள் உண்டு. முதலில் வந்த மோனோ சிங்கிள் (தனிப் பாட்டாக வெளியான தட்டு) ஒன்று, 1965 ஜூலையில் ஸ்டீரியோவுக்காக மறுபடி பாடியது இன்னொன்று. தொகுப்புக்குத் தொகுப்பு மாறி வரும். சிங்கிளை முதலில் கேளுங்கள். வரிகளுக்கு நடுவே பிராஸ் படிப்படியாக மேலே ஏறுவதைக் கவனியுங்கள். ஓட்டிஸின் தனிப் பாட்டுகளில் பின்னணிப் பாடகர்கள் மிகவும் அரிது. தேவாலயத்தில் போதகருக்குக் கூட்டம் பதில் சொல்லுமே, அந்தப் பதிலை இங்கே பிராஸ் சொல்கிறது.

ஒரு பாட்டை மட்டும் நின்று கேட்பது

'ட்ரை அ லிட்டில் டெண்டர்னஸ்' பாட்டுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். 1932இல் எழுதப்பட்ட பாட்டு இது. பிங் கிராஸ்பி போன்றவர்கள் மென்மையாகப் பாடிவைத்தது. 1966இல் ஸ்டாக்ஸ்காரர்கள் கையில் அது வேறு ஒன்றாக மாறியது. மூன்று முறை கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை மட்டும்.

முதல் முறை டிரம்ஸ். தொடக்கத்தில் பிராஸ் ஒரு சின்ன முன்னுரை ஊதும். முதல் சரணத்தில் டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை. பிறகு ஆல் ஜாக்சன் டிரம் விளிம்பில் குச்சியால் டக் டக் டக் டக் என்று தட்ட ஆரம்பிப்பார். பாட்டு இன்னும் மெதுவாகத்தான் போகிறது, தட்டல் மட்டும் அதைப்போல் இரட்டை வேகம். பாடுகிறவருக்கு அடியில் ஒரு அவசரம் தொடங்கிவிட்டது, அவருக்கு அது இன்னும் தெரியவில்லை. இந்த ஒரு தட்டலில்தான் பாட்டின் மீதி எல்லாம் ஒளிந்திருக்கிறது. கடைசிவரை அதை விட்டுவிடாமல் பின்தொடருங்கள். விளிம்புத் தட்டல் எந்த இடத்தில் முழு டிரம் அடியாக மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

இரண்டாம் முறை கிட்டாரும் ஆர்கனும். க்ராப்பர் நிறைய வாசிக்க மாட்டார். குரல் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு மூன்று நோட்டு, அவ்வளவுதான். புதியவர்கள் இதைக் கவனிக்கத் தவறுவதற்குக் காரணமே அவர் யாரையும் மறைக்காமல் வாசிப்பதுதான்.

மூன்றாம் முறை குரல். இப்போது குரல் ஏன் ஒவ்வொரு சரணத்திலும் ஒரு படி மேலே நிற்கிறது என்பது விளங்கும். டிரம்ஸ் தள்ளுகிறது, பிராஸ் ஏறுகிறது, அவர் அதற்குமேல் ஏறியாக வேண்டும். கடைசியில் சொற்கள் உடைந்து அசைகளாகிவிடுகின்றன. முதல் நாள் கத்தலாகக் கேட்டது, ஏறி ஏறி வேறு வழியில்லாமல் அங்கே வந்து சேர்ந்தது என்று தெரியும்.

இரண்டாம் வாரம்: வேகமான ஆறு

மொத்தம் கால் மணி நேரம். இவற்றை எழுந்து நின்று, நடந்துகொண்டு, சமைத்துக்கொண்டு கேட்கலாம். உடம்பு அசைந்தால்தான் இவை பிடிபடும்.

கவனிக்க வேண்டியது இரண்டாம், நான்காம் அடிகள். ஆல் ஜாக்சன் அவற்றை ஒரு மயிரிழை தாமதமாக அடிப்பார். 1965 மே மாதம் இதே ஸ்டூடியோவில் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் ஹவர்' பதிவானபோது, தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் இளைஞர்களின் புது நடனத்தை ஆடிக்காட்டி, அடியைத் தள்ளிப்போடச் சொன்னார். அதன்பின் வந்த ஸ்டாக்ஸ் பாட்டுகளில் அந்தத் தள்ளல் நிரந்தரமாகிவிட்டது. வேகமான பாட்டு, ஆனால் பதற்றமே இல்லை. அதற்கு இந்தத் தாமதம்தான் காரணம்.

'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டு. மூலத்தில் கிட்டாரில் வரும் அந்த வரியை இங்கே பிராஸ் ஊதும். அதை முதலில் யோசித்த அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் மனத்தில் இருந்ததும் பிராஸ்தான். 'ஐ கான்ட் டர்ன் யூ லூஸ்' முழுக்க முழுக்க ஒரு பிராஸ் வரியின் மேல் கட்டியது. பேஸும் கிட்டாரும் அதையே சேர்ந்து வாசிப்பதால் அந்த எடை வருகிறது.

'ரெஸ்பெக்ட்' பற்றி ஒரு குழப்பம் வரும். இது அரீதா ஃப்ராங்க்ளின் பாட்டல்லவா என்று கேட்பார்கள். எழுதியதும் முதலில் பாடியதும் ஓட்டிஸ், 1965இல். அரீதா 1967இல் எடுத்துப் பாடி அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ஓட்டிஸின் வடிவம் பொதுப் பட்டியலில் 35ஐத்தான் தொட்டது. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் புகழ்பெற்ற இடம் இவரிடம் இல்லை, அது அரீதா சேர்த்தது. அதைத் தேடிக்கொண்டு கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் மரியாதை கேட்கும் களைத்த ஆண் இவர். அரீதாவின் வடிவம் அதையே திருப்பிக் கேட்கும் பெண். இரண்டையும் ஒரே அமர்வில், இவரை முதலில் வைத்துக் கேளுங்கள்.

இப்போது பதின்மூன்றாவது

'டாக் ஆஃப் த பே' அந்தத் தொகுப்பில் இல்லாததற்குக் காரணம் எளிது. தொகுப்பு வெளிவந்த அதே நவம்பரில்தான் பாட்டு பதிவாகத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் சாசலிட்டோவில் ஒரு படகுவீட்டில் தங்கியிருந்தபோது ஓட்டிஸ் தொடங்கி, மெம்ஃபிஸில் க்ராப்பரோடு சேர்ந்து முடித்தது. அதற்குச் சற்று முன்தான் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரலுக்கு ஓய்வு கொடுத்திருந்தார். விபத்துக்குப் பிறகு, அலைச் சத்தமும் கடற்பறவைச் சத்தமும் சேர்த்து க்ராப்பர்தான் பாட்டை முடித்துக் கொடுத்தார். 1968 ஜனவரியில் வந்தது, மார்ச்சில் முதலிடம். இறந்த ஒருவரின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

பன்னிரண்டும் கேட்டுவிட்டு வந்தால், அவர் இங்கே என்னவெல்லாம் செய்யவில்லை என்பது காதில் விழும். ஏறவில்லை. உடையவில்லை. பிராஸ் அடங்கி நிற்கிறது. உச்சம் வர வேண்டிய இடத்தில் சீட்டி அடிக்கிறார். கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சரணம் ஜி, பி, சி, ஏ என்று போகும், நான்குமே மேஜர். பி மைனரும் ஏ மைனரும் வருமென்று காது எதிர்பார்க்கிற இடத்தில் மேஜர் வருவதால்தான், சோகமான வரிகளுக்கு அடியில் அந்த விசித்திரமான வெளிச்சம். மைனர் போட்டு வாசித்துப் பாருங்கள், சாதாரணச் சோகப் பாட்டாகிவிடும்.

அங்கிருந்து எங்கே

அடுத்து ஒரு முழு ஆல்பம். 'ஓட்டிஸ் ப்ளூ', 1965. பதினொரு பாட்டு, பெரும்பகுதி ஜூலை மாதம் ஒரே நாள் கணக்கில் பதிவானது. இரவில் கிளப்பில் வாசிக்கப் போக வேண்டியவர்கள் போய்விட்டு, நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்து மீதியை முடித்தார்கள். அதில் சாம் குக்கின் பாட்டுகள் மூன்று. முந்தைய டிசம்பரில்தான் குக் இறந்திருந்தார்.

பிறகு மேடை. 1967 ஜூன் 17, கலிஃபோர்னியாவில் மான்டெரே இசை விழா. ஐந்தே பாட்டு: 'ஷேக்', 'ரெஸ்பெக்ட்', 'ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்', 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்', 'ட்ரை அ லிட்டில் டெண்டர்னஸ்'. ஐந்தும் உங்களுக்குத் தெரிந்தவை, அதனால் வேகம் இப்போது இடைஞ்சல் செய்யாது. மூன்றாவது பாட்டில் இசைக்குழுவை நிறுத்தி மறுபடி மறுபடி அடிக்கவைக்கும் இடத்துக்காகக் காத்திருங்கள். படமாகவும் எடுத்திருக்கிறார்கள். கிடைத்தால் பார்த்துவிடுங்கள், ஆல் ஜாக்சன் கையை எவ்வளவு குறைவாக அசைக்கிறார் என்பது பதிவில் தெரியாது.

கார்லா தாமஸோடு சேர்ந்து பாடிய 'கிங் அண்ட் குவீன்' இலகுவானது, 'ட்ராம்ப்' ஒன்றைக் கேட்டால் போதும். அவர் இறந்தபின் வந்த ஆல்பங்களில் 'த இம்மார்ட்டல் ஓட்டிஸ் ரெடிங்'கை முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு சாம் குக்குக்குப் போங்கள். 'ஷேக்' பாட்டை அவர் குரலில் ஒரு முறை, ஓட்டிஸ் குரலில் ஒரு முறை. குக் ஒரு சொல்லைக்கூடச் சிந்தாமல் பாடுவார். ஓட்டிஸ் பாதிச் சொற்களை உதறிவிட்டு, அவை இருந்த இடத்தில் பிராஸை நிறுத்துவார்.